காய்ச்சலோடு சைட்டுக்குப் போவதா, தேதியைத் தள்ளுவதா? சொந்தமாக வேலை எடுப்பவர்களுக்கு நான்கு வழிகள்

சொந்தமாக வேலை எடுத்துச் செய்யும் எலக்ட்ரீஷியன், பிளம்பர், பெயின்டர், டைல்ஸ் மேஸ்திரி யாராக இருந்தாலும் ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கேள்வி வராமல் போகாது. ராத்திரி முழுக்க உடம்பு கொதித்திருக்கிறது. காலை எட்டரைக்கு ஹெல்பர் சைட் வாசலில் நிற்பார். பார்ட்டி அட்வான்ஸ் கொடுத்து இரண்டு வாரம் ஆகிறது. "உங்க பைப் வேலை முடிஞ்சாதான் நான் கை வைக்க முடியும்" என்று டைல்ஸ்காரர் நேற்றே சொல்லிவிட்டார்.

கம்பெனியில் மாதச் சம்பளத்துக்கு இருந்து இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் நடந்தால், டாக்டர் சான்றிதழோடு படுத்துவிடலாம். கூலியில் 70 சதவீதம் வரை, வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். சொந்தத் தொழில்காரர் அந்தத் திட்டத்தில் சேரவே முடியாது. அதனால் ஒவ்வொரு முறையும் தானே கணக்குப் போட்டு, தானே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அந்த முடிவைப் பெரும்பாலும் "எழுந்து நிற்க முடிகிறதா, முடிந்தால் போய்விடலாம்" என்ற ஒரே அளவுகோலில் எடுக்கிறோம். அது போதாது.

கையில் இருக்கும் வழிகள் நான்கு. மாத்திரை போட்டுக்கொண்டு முழு வேலை செய்வது. சைட்டுக்குப் போய், கை வைக்காமல் மேற்பார்வை மட்டும் பார்ப்பது. மாற்று ஆளை அனுப்புவது. எல்லாவற்றையும் நிறுத்திப் படுப்பது. இவற்றை ஒப்பிடுவதற்கு முன், எதை வைத்து ஒப்பிடுவது என்று பார்க்கலாம்.

## எதை வைத்து முடிவெடுப்பது

காய்ச்சல் எத்தனையாவது நாள்? எவ்வளவு காய்ச்சல் என்பதைவிட இது முக்கியம். மழைக்காலத்தில் 100.4 டிகிரிக்கு மேல் இரண்டு நாள் நீடிக்கும் எந்தக் காய்ச்சலையும், இல்லை என்று தெரியும்வரை டெங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். டெங்குவில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மூன்றாவது நாளிலிருந்து ஏழாவது நாளுக்குள் காய்ச்சல் தானாக இறங்கும். உடம்பு லேசானது போலத் தெரியும். "விட்டுடுச்சு, நாளைக்கு வந்துடறேன்" என்று பார்ட்டிக்கு போன் போகும். ஆனால் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதும், ரத்த அழுத்தம் சரிவதும் காய்ச்சல் இறங்கியபின் வரும் அந்த ஒன்று, இரண்டு நாளில்தான் நடக்கும். வயிற்றில் கடும் வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், கை கால் சில்லிடுவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் வராமல் இருப்பது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்குப் போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி. டெங்குவா என்று பார்க்க முதல் ஐந்து நாளுக்குள் என்எஸ்1 ரத்தப் பரிசோதனை, அதற்குப் பிறகு ஐஜிஎம் ரத்தப் பரிசோதனை. பலர் தட்டணு எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். ரத்தம் கெட்டியாவதைக் காட்டும் பிசிவி அளவும் அதே ரிப்போர்ட்டில் இருக்கும். டாக்டரிடம் அதையும் கேளுங்கள்.

இன்றைய வேலை எது? தரையில் உட்கார்ந்து சுவிட்ச் பாக்ஸுக்குப் பேஸ்ட் பூசுவதும், பத்தடி ஏணியில் நின்று ஃபேன் மாட்டுவதும் ஒன்றல்ல. உயரம், கரண்ட், சுழலும் பிளேடு, மொட்டை மாடி வெயில், மூடிய தொட்டி என்ற ஐந்தில் ஒன்று இருந்தாலும் அது ஆபத்து வேலை.

அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? புதுக் கட்டடத்தில் நீங்களும் ஹெல்பரும் மட்டும் இருப்பது வேறு. குடியிருக்கும் வீட்டில், கைக்குழந்தையோ, கர்ப்பிணியோ, கீமோ எடுப்பவரோ, எண்பது வயதுப் பாட்டியோ இருக்கும் அறையில் இருமிக்கொண்டு நிற்பது வேறு.

வேலை நிற்குமா, நிற்காதா? பெயின்ட் நிற்கும். ரூஃப் கான்கிரீட் நிற்காது. கம்பி கட்டி முடித்ததற்கும் கான்கிரீட் லாரி வருவதற்கும் நடுவில் கிடைக்கும் ஒரு நாளில்தான் ஸ்லாபுக்குள் போகும் பைப்பையும் ஃபேன் பாக்ஸையும் எலக்ட்ரீஷியன் வைத்தாக வேண்டும். அந்த நாளைத் தவறவிட்டால் பிறகு ஸ்லாபை வெட்டித்தான் லைன் இழுக்க முடியும்.

கடைசியாகத்தான் காசு. அதைக் கடைசியில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மற்ற நான்கும் தெரிந்தால்தான் காசுக் கணக்கே சரியாக வரும்.

## வழி 1: மாத்திரை போட்டுக்கொண்டு முழு வேலை

மெடிக்கலில் போய், "காய்ச்சல், உடம்பு வலி, ஒரு செட் குடுங்க" என்றால், நாலைந்து மாத்திரையைக் கத்தரித்துக் காகிதக் கவரில் போட்டுத் தருவார்கள். இந்தச் செட்டில்தான் முதல் சிக்கல். அதில் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை இருக்கலாம். டெங்குவாக இருந்தால் இவை ரத்தக் கசிவைக் கூட்டும். இடுப்பில் போடும் வலி ஊசியும் பெரும்பாலும் அதே மருந்துதான். சளிக்கென்று இருக்கும் மாத்திரையில் தூக்கம் வரவைக்கும் குளோர்ஃபெனிரமினோ செட்டிரிசினோ இருக்கும். கூடவே அதற்குள்ளும் பாரசிட்டமால் கலந்திருக்கும். தனியாக ஒரு 650, சளி மாத்திரைக்குள் ஒரு 500 என்று ஒரே வேளையில் இரட்டிப்பாகிவிடும். கத்தரித்துத் தந்த மாத்திரையில் பெயர் படிக்க முடியாவிட்டால், பெயரைக் கவரின் மேல் எழுதித் தரச் சொல்லுங்கள். டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாரசிட்டமால் மட்டும் போதும். 650 மி.கி. மாத்திரை, ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நான்குக்கு மேல் வேண்டாம். ராத்திரி குடிக்கும் பழக்கமோ கல்லீரல் கோளாறோ இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் அந்த நான்கையும் எடுக்கக் கூடாது.

இரண்டாவது சிக்கல் நேரம். காலை எட்டு மணிக்குப் போட்ட மாத்திரை ஒன்பது மணிக்கு வேலை செய்யத் தொடங்கும். உடம்பு வலி குறையும், தெம்பு வந்தது போல இருக்கும். மதியம் ஒரு மணி, ரெண்டு மணிக்கு மருந்து தீரும். சாப்பிட்டு முடித்து மறுபடி ஏணி ஏறும் நேரமும் அதுதான். தலை சுற்றுவது பாதி ஏணியில் தெரியவரும்.

மூன்றாவது சிக்கல் எலக்ட்ரீஷியன்களுக்கு மட்டும் உரியது. அதிகம் யாரும் பேசுவதில்லை. பாரசிட்டமால் காய்ச்சலை இறக்கும்போது உடம்பு குப்பென்று வியர்க்கும். காய்ந்த தோல் கரண்டை நன்றாகவே தடுக்கும். வியர்வையில் நனைந்த தோலின் தடை ஏறக்குறைய 1,000 ஓம் வரை இறங்கிவிடும். 230 வோல்ட்டை 1,000 ஓமால் வகுத்தால் 230 மில்லிஆம்ப். கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் வீட்டு ஆர்சிசிபி விழுவதற்கு 30 மில்லிஆம்பே போதும். அப்படியானால் ஆர்சிசிபி காப்பாற்றிவிடுமே என்று தோன்றும். கரண்ட் உடம்பு வழியாகப் பூமிக்கு இறங்கினால் விழும். ஒரு கை பேஸிலும் இன்னொரு கை நியூட்ரலிலும் பட்டால் ஆர்சிசிபிக்கு உங்கள் உடம்பும் ஒரு பல்பும் ஒன்றுதான், விழாது. நல்ல உடம்போடு இருக்கும் நாளில் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் யாரும் டெர்மினலைத் தொட மாட்டார்கள். காய்ச்சல் நாளில் மறப்பது அந்த ஒரு வினாடி வேலையைத்தான்.

ஆளுக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் வேலை கெடும். டிபியில் (வீட்டு லைன்கள் எல்லாம் பிரியும் பெட்டி) நியூட்ரல் பார் ஸ்க்ரூவை எடுத்துக்கொள்வோம். கை தளர்ந்திருக்கும்போது "டைட்டாயிடுச்சு" என்று நினைத்து அரைச் சுற்று முன்னாலேயே விட்டுவிடுவது சாதாரணமாக நடக்கும். த்ரீபேஸ் வீட்டில் மெயின் நியூட்ரல் லூசானால் மூன்று பேஸும் ஒன்றோடொன்று இழுபடும். லோடு குறைவாக இருக்கும் பேஸில் 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 300, 350, மோசமான நிலையில் 400க்குப் பக்கம் ஏறும். அந்த லைனில் இருக்கும் டிவி, ஃபிரிட்ஜ் போர்டு, வைஃபை பெட்டி எல்லாம் ஒரே நேரத்தில் போகும். எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் லைனை நிறுத்தும் சுவிட்ச்) விழாது, ஏனென்றால் கரண்ட் கூடவில்லை, வோல்டேஜ்தான் கூடியது. இரண்டு நாள் கூலியைக் காப்பாற்றப் போய், இரண்டு மாதக் கூலிக்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.

பிளம்பருக்கும் இதே மாதிரி ஒன்று உண்டு. சிபிவிசி பைப்பை நேராக வெட்டி, பிசிறு எடுத்து, துடைத்து, சால்வென்ட்டைப் பைப்பிலும் ஃபிட்டிங்கிலும் தடவி, உள்ளே தள்ளிக் கால் சுற்றுத் திருப்பி, அரை நிமிடம் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடிக்காமல் விட்டால் பைப் தானாகக் கொஞ்சம் வெளியே வரும். தெம்பில்லாத நாளில் விட்டுப்போவது அந்தப் பிடிப்பும், டைல்ஸ் ஒட்டுமுன் செய்ய வேண்டிய பிரஷர் டெஸ்ட்டும். டைல்ஸ் ஒட்டிய பிறகு கசிந்தால், கசிவை அடைப்பதற்கு ஆகும் செலவைவிட அதே ஷேடில் டைல்ஸ் தேடும் அலைச்சல் பெரிது.

இந்த வழி எப்போது சரி? காய்ச்சல் இல்லாத வெறும் மூக்கொழுகல், தொண்டைக் கரகரப்பு, தூக்க மாத்திரை கலக்காத மருந்து, தரையில் செய்யும் வேலை, வீட்டில் யாரும் குடியிருக்கவில்லை. இத்தனையும் சேர்ந்தால் மாஸ்க் போட்டுக்கொண்டு போகலாம். ஒன்று குறைந்தாலும் அடுத்த வழிக்கு வாருங்கள்.

## வழி 2: போவது, ஆனால் கை வைக்காமல்

இது கேட்க நன்றாக இருக்கும், நடைமுறையில் அடிக்கடி வழி 1 ஆக மாறிவிடும். "பார்த்துட்டு மட்டும் வந்துடறேன்" என்று போனவர் பதினோரு மணிக்கு ஏணியில் நிற்பார். இதைத் தடுக்க ஒரே வழி, டூல் பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது. அளவு டேப், நோட்டு, பேனா, தண்ணீர் பாட்டில் போதும். மூன்று மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டாம். வண்டியை நீங்கள் ஓட்ட வேண்டாம், ஹெல்பர் வந்து அழைத்துப் போகட்டும்.

ஹெல்பரிடம் தனியாக விடக்கூடியவை: சுவர் கட்டிங், பாக்ஸ் வைப்பது, பைப் பதிப்பது, சப்ளை வராத லைனில் ஒயர் இழுப்பது, பட்டி தேய்ப்பது, ப்ரைமர் அடிப்பது. விடக்கூடாதவை: டிபி கனெக்‌ஷன், மீட்டரிலிருந்து வரும் மெயின், கீசர் பாயின்ட், கூரை விளிம்பில் நிற்கும் எந்த வேலையும். உங்களோடு இரண்டு வருடமாக இருப்பவர் என்றாலும் இந்தப் பட்டியலைத் தளர்த்தாதீர்கள். நீங்கள் படுத்திருக்கும் நாளில் அவருக்கு அடிபட்டால், அவரை வேலைக்கு வைத்தவர் நீங்கள்தான்.

உட்கார்ந்தபடி செய்யும் வேலை எப்போதும் பாக்கி இருக்கும். எஸ்டிமேட் எழுதுவது, பொருள் லிஸ்ட் கடைக்கு அனுப்புவது, பழைய பாக்கிக்கு போன் செய்வது. முதல் நாள் காய்ச்சலில் இதையும் விட்டுவிடுங்கள். தலை பாரமாக இருக்கும்போது போட்ட எஸ்டிமேட்டில் ஒரு ரூம் ஃபேன் பாயின்ட் விடுபட்டால், விலை பேசி முடித்த பிறகு பார்ட்டியிடம் கேட்க முடியாது. மூன்றாம், நான்காம் நாள், காய்ச்சல் முழுதாக விட்டு உடம்பில் அசதி மட்டும் இருக்கும் கட்டத்துக்கு இது நன்றாகப் பொருந்தும், டெங்கு இல்லை என்று ரிப்போர்ட் வந்திருந்தால்.

சிக்குன்குனியா வந்து எழுந்தவர்களுக்கு இந்த வழி கிட்டத்தட்டக் கட்டாயம். காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விடும். மணிக்கட்டு, விரல் மூட்டு வலி வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். ஸ்பேனரைப் பிடித்தால் பிடி நிற்காது. பிடி நிற்காத கையில் கட்டிங் மெஷின் கொடுக்கவே கூடாது.

வழி 2 சரிவராத இடம் தொற்று. அம்மை போட்டவர் கை வைக்காமல் நின்றாலும் பரப்புவார். கொப்புளம் எல்லாம் பொருக்குத் தட்டும்வரை, தடிப்பு வந்து ஐந்து முதல் ஏழு நாள் வரை, காற்றிலேயே தொற்றும். வாசலில் வேப்பிலை செருகி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வெளியே போகாமல் இருக்கும் நம் வீட்டு வழக்கம் ஏறக்குறைய இதே நாள் கணக்கில்தான் இருக்கிறது. அதைச் சைட்டுக்காக உடைக்காதீர்கள். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் அம்மை போய்ச் சேர்ந்தால் தாய்க்கும் கருவுக்கும் கெடுதல். மெட்ராஸ் ஐ பார்வையால் ஒட்டாது, கையால் ஒட்டும். கண்ணைத் துடைத்த கையால் பிடித்த டிரில்லிங் மெஷினை ஹெல்பர் பிடிப்பார், அந்த வீட்டுக் குழாயை வீட்டுக்காரர் திறப்பார். கண்ணில் நீர் வடிவது நிற்கும்வரை போக வேண்டாம்.

டெங்கு ஆளிடமிருந்து ஆளுக்கு நேராகத் தொற்றாது என்பது உண்மை. ஆனால் காய்ச்சல் இருக்கும் முதல் சில நாள் உங்களைக் கடித்த ஏடிஸ் கொசு அதை அடுத்தவருக்குக் கொண்டுபோகும். அந்தக் கொசு பகலில் கடிப்பது, நல்ல தண்ணீரில் முட்டையிடுவது. கான்கிரீட் இறுகுவதற்காகக் க்யூரிங் தண்ணீர் கட்டி நிற்கும் ஸ்லாப், லிஃப்ட் குழி, மூடி இல்லாத டிரம் எல்லாம் இருக்கும் கட்டடத்தைவிட அதற்கு வசதியான இடம் கிடையாது.

## வழி 3: மாற்று ஆளை அனுப்புவது

பலர் கடைசியாக யோசிக்கும் வழி இதுதான். "ஆளை அனுப்பினா பார்ட்டியை அவன் பிடிச்சுடுவான்" என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. முன்னேற்பாடு இருந்தால் நான்கில் மிகவும் கைகொடுப்பதும் இதுதான். அந்த ஏற்பாட்டை உடம்பு நன்றாக இருக்கும்போது செய்து வைக்க வேண்டும். காய்ச்சலில் படுத்துக்கொண்டு போன் போட்டால் கிடைப்பவர், வேறு யாரும் கூப்பிடாத ஆளாக இருப்பார்.

ஏற்பாடு எளிது. அதே தொழிலில், வேறு ஏரியாவில் வேலை எடுக்கும் ஒருவரோடு பேசி வையுங்கள். அவருக்கு முடியாத நாளில் நீங்கள், உங்களுக்கு முடியாத நாளில் அவர். நாள் கூலியை முன்பே முடிவு செய்யுங்கள். பார்ட்டியிடம் பணமோ போன் நம்பரோ வாங்கக் கூடாது என்பதை நேராகச் சொல்லிவிடுங்கள், சங்கடப்பட வேண்டாம், அவருக்கும் அதே பாதுகாப்பு வேண்டும். எலக்ட்ரிகல் என்றால் அவருக்கு வயர்மேன் லைசென்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள்.

பார்ட்டிக்கு நீங்களே முதலில் சொல்ல வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் நின்று பெல் அடிக்கக் கூடாது. "சார், எனக்குக் காய்ச்சல். நாளைக்கு ஸ்லாப் பைப் வேலைக்கு என்னோட சேர்ந்து வேலை பார்க்கிற ஒருத்தரை அனுப்பறேன். டிராயிங் அவர்கிட்ட இருக்கு. வேலைக்குப் பொறுப்பு நான்தான், பேமென்ட் எப்பவும் போல என்கிட்டயே" என்று ஒரு நிமிடம் பேசினால் போதும்.

மறைந்திருக்கும் செலவு, விஷயம் கைமாறும்போது விடுபடுவது. எந்த பைப்பில் எந்த ஒயர், எந்த சுவருக்குள் தண்ணீர் லைன், பார்ட்டி வாய்வார்த்தையாக மாற்றச் சொன்ன பாயின்ட் எது, எல்லாம் உங்கள் தலைக்குள் இருக்கும். சைட் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் நோட்டில் எழுதி, சுவரை மூடுமுன் டேப்பைப் பிடித்தபடி போட்டோ எடுத்து வைத்திருந்தால் கைமாற்றப் பத்து நிமிடம் ஆகும். இல்லாவிட்டால் மாற்று ஆள் உங்களுக்கு மணிக்கு நாலு போன் போடுவார், ஓய்வும் போச்சு.

கான்கிரீட் நாள், புதுமனை புகுவிழாத் தேதி குறித்த வீடு, தண்ணீர் லைனை வெட்டிவிட்டுப் பாதியில் நிற்கும் பாத்ரூம், இந்த மூன்றுக்கும் வழி 3 தவிர வேறு யோசனை வேண்டாம்.

## வழி 4: நிறுத்திவிட்டுப் படுப்பது

படுப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று: சைட்டைப் பாதுகாப்பாக மூடச் செய்வது. திறந்த ஒயர் முனைகளுக்கு டேப், டிபி கவர், அந்த லைன் எம்சிபி ஆஃப், மேலே "போட வேண்டாம்" என்று எழுதிய பேப்பர். வெட்டிய பைப்புக்கு எண்டு கேப். இதை ஹெல்பரே செய்து, போட்டோ அனுப்பட்டும்.

பார்ட்டிக்குச் செய்தி அனுப்பும்போது நான்கு விஷயம் இருக்கட்டும்: என்ன உடம்புக்கு, சைட் இப்போது எந்த நிலையில் பத்திரமாக இருக்கிறது, அடுத்து எப்போது சொல்வீர்கள், அவசரம் என்றால் யாரைக் கூப்பிடலாம். "ரெண்டு நாள்ல வந்துடறேன்" என்று தேதி கொடுக்காதீர்கள். "புதன்கிழமை சாயங்காலம் டாக்டரைப் பார்த்துட்டு உங்களுக்குச் சொல்றேன்" என்பது காப்பாற்றக்கூடிய வாக்கு. போனை அணைத்துவிட்டுப் படுப்பதுதான் பார்ட்டியை விரட்டும், காய்ச்சல் அல்ல.

சர்க்கரை நோய்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று. சாப்பிடவில்லை என்று இன்சுலினைத் தானாக நிறுத்திவிடாதீர்கள், காய்ச்சலில் சர்க்கரை ஏறத்தான் செய்யும். வாந்தி, பேதி இருந்தால் எந்த மாத்திரையைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்று அன்றே டாக்டரிடம் கேட்க வேண்டும். பேதிக்கு ஓஆர்எஸ் பெரிய பாக்கெட் ஒன்று, ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் போட்டுக் கலக்கினால் உப்பு அளவு தவறும். நகர்ப்புற நல்வாழ்வு மையங்கள் மாலையிலும் திறந்திருக்கும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104ல் கேட்கலாம்.

அரசுத் திட்டங்களைப் பற்றித் தவறான நம்பிக்கை வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு, வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆஸ்பத்திரிச் சிகிச்சையை வருடத்துக்கு 5 லட்சம் வரை பார்த்துக்கொள்ளும், போன கூலியைத் தராது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தால் விபத்து மரணம், ஊனம், பிள்ளைகள் படிப்பு, திருமணம், மகப்பேறு, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் என்று பலதும் உண்டு. பதிவைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் இந்த வாரமே புதுப்பியுங்கள். வங்கியில் வருடம் 20 ரூபாய்க்குப் பிடிக்கும் 2 லட்சம் ரூபாய்க் காப்பீடு விபத்துக்கு மட்டும். மூன்று நாள் காய்ச்சலுக்குக் கூலி தரப்போவது உங்கள் சொந்தப் பணம்தான். 60,000 ரூபாய் லேபர் பில்லில் 2 சதவீதம் எடுத்து வைத்தால் 1,200. ஒரு வேலைக்கு ஏறக்குறைய ஒரு நாள் கூலி சேர்ந்துவிடும்.

## காசுக் கணக்கு

ஓர் உதாரணம். வயரிங் லேபர் காண்ட்ராக்ட்டில் உங்களுக்கு ஒரு நாளுக்கு விழுவது 2,400 ரூபாய். ஹெல்பருக்கு 900, பெட்ரோல் 100 போக நிற்பது 1,400. மூன்று நாள் காய்ச்சல். மாற்று ஆளின் கூலி நாளுக்கு 1,300. ஓய்வு நாளில் ஹெல்பருக்கு அரைக் கூலி 450, ஆக வேலை வரிசையில் நிற்கும்போது ஒரு ஓய்வு நாளின் இழப்பு 1,400 + 450 = 1,850. மேற்பார்வை வழியில் வேலை எவ்வளவு நகரும் என்பது ஹெல்பரைப் பொறுத்தது என்பதால் அதை இதில் சேர்க்கவில்லை.

| வழி | எதனால் இழப்பு | ரூபாய் |
|---|---|---|
| மாத்திரை போட்டு முழு வேலை | 60 சதவீத வேகம், 1.2 நாள் கூடுதலாகும் (1.2 × 2,400) | 2,880 |
| அதே வழி, அதனால் பின்னால் 2 நாள் படுக்கை | 2,880 + (2 × 1,850) | 6,580 |
| மாற்று ஆள் | 3 × 1,300 | 3,900 |
| ஓய்வு, அடுத்த வேலை வரிசையில் நிற்கிறது | 3 × 1,850 | 5,550 |
| ஓய்வு, மாதத்தில் காலி நாள் இருக்கிறது | 3 × 450 | 1,350 |

கடைசி வரியைக் கவனியுங்கள். நாள் கூலிக்குப் போகிறவருக்குப் படுத்த நாள் போனதுதான். காண்ட்ராக்ட்டில் அப்படி இல்லை, பில் தொகை அதேதான், மூன்று நாள் தள்ளி வருகிறது. மாதத்தில் நாலைந்து நாள் சைட் இல்லாமல் வீட்டில் இருப்பவருக்கு, அந்தக் காலி நாளில் இந்த வேலை போய் உட்கார்ந்துவிடும். இழப்பு ஹெல்பருக்குக் கொடுத்த அரைக் கூலி மட்டுமே. ஆகவே நாட்காட்டியைப் பாருங்கள்: காலி நாள் இருந்து, பார்ட்டியும் காத்திருப்பார் என்றால் ஓய்வுதான் மலிவு. வேலை வரிசை கட்டி நின்றால் மாற்று ஆள் மலிவு. முதல் வரி மாற்று ஆளைவிட மலிவாகத் தெரிகிறது. ஆனால் நியூட்ரல் ஸ்க்ரூவும், கசியும் ஜாயின்ட்டும், ஏணியும் அந்த 2,880க்குள் இல்லை. மற்ற வரிகளில் எவ்வளவு போகும் என்று முன்பே தெரியும். அந்த ஒரு வரியில் மட்டும் தெரியாது.

ஹெல்பருக்கு அரைக் கூலி ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. கொடுக்காமல் விட்டால் அவர் அடுத்த மேஸ்திரியிடம் போவார், நீங்கள் எழுந்து வரும்போது ஆள் இருக்காது. அதைவிட, அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். மூன்று நாளும் அவருக்கு வேறு சைட்டில் வேலை பிடித்துக் கொடுக்க முடிந்தால் இருவருக்கும் நல்லது.

## சில உடம்புக் கோளாறுகளுக்கு நேரடி பதில்

மழைத் தண்ணீரிலோ சாக்கடையிலோ இறங்கி வேலை பார்த்த பிளம்பருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்காலில் தாங்க முடியாத வலி வந்தால் எலிக் காய்ச்சலாக இருக்கலாம். டாக்டரிடம் "சாக்கடைத் தண்ணியில வேலை பார்த்தேன்" என்று நீங்களே சொல்லுங்கள், அவராக யூகிக்க மாட்டார். சீக்கிரம் மருந்து தொடங்கினால் சரியாகும், விட்டால் சிறுநீரகத்தைப் பிடிக்கும். வழி 4.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு: சிமென்ட் தூசி, பெயின்ட் வாடை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை. காசநோய் என்றால் மருந்து இலவசம், குறைந்தது ஆறு மாதம். டாக்டர் சொல்லும்வரை குடியிருக்கும் வீடுகளில் வேலை எடுக்காதீர்கள்.

இடுப்புப் பிடிப்பு மட்டும் என்றால் வழி 2. வலி காலில் இறங்கி மரத்துப் போனாலோ, சிறுநீர், மலம் கழிப்பதில் மாற்றம் வந்தாலோ அன்றே ஆஸ்பத்திரி. நெஞ்சில் அழுத்தம், இடது கை வலி, காரணமில்லாத வியர்வை வந்தால் 108. கேஸ் பிரச்சினை என்று சோடா குடித்துவிட்டு வேலையைத் தொடர வேண்டாம்.

## திரும்பப் போகும் நாள்

மாத்திரை போடாமல் 24 மணி நேரம் காய்ச்சல் வரவில்லை. டெங்குவாக இருந்தால் 48 மணி நேரம், கூடவே தட்டணு ஏறத் தொடங்கியதாக ரிப்போர்ட். வீட்டு மாடிப்படியை ஒரு முறை ஏறி இறங்கி மூச்சு வாங்காமல் பேச முடிகிறது. பேதியாக இருந்தால் நின்று இரண்டு நாள். இவை சரியென்றால் கிளம்பலாம்.

முதல் நாள் மொட்டை மாடியும் ஏணியும் வேண்டாம். காய்ச்சலில் உடம்பு இழந்த நீர் இரண்டு நாளில் திரும்பிவிடாது. குனிந்து எழுந்தால் கண் இருட்டும். பத்து மணிக்குப் போய் மூன்று மணிக்குக் கிளம்புங்கள். போனதும் முதல் அரை மணி நேரம் புது வேலையைத் தொடாமல், படுப்பதற்கு முந்தைய நாள் செய்த வேலையைத் திறந்து பாருங்கள். காய்ச்சல் தொடங்குகிற நாளில் உடம்பு கனத்துத்தான் இருந்திருக்கும், நாம் கவனித்திருக்க மாட்டோம். அன்றைக்குப் போட்ட ஜாயின்ட், அன்றைக்கு முறுக்கிய ஸ்க்ரூ, அன்றைக்கு எழுதிய அளவு எல்லாவற்றையும் ஒரு முறை சரிபார்த்துவிட்டு, எம்சிபி மேல் ஒட்டிய பேப்பரைக் கடைசியாக எடுங்கள்.